பாவனையாக்கம்

பெயர்ச்சொல். 'பாவனை' வடமொழி 'பாவனா'வின் தமிழ் வடிவம். 'ஆதல்' என்னும் பொருள்கொண்ட வினையடியிலிருந்து பிறந்ததால் 'ஆகச் செய்தல்' என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழ்நாட்டில் பாவனை என்றால் கற்பனை அல்லது நடிப்பு. இலங்கையின் கல்முனையிலோ அது உபயோகம்: "இந்த மோட்டார் இப்ப பாவனையில இல்ல." 'ஆக்கம்' சேரும்போது, உள்ளதைப் போல ஒன்றைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது, அதாவது சிமுலேஷன், என்ற பொருள் கிடைக்கிறது.

2004 டிசம்பர் 26இல் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் ஏறிய சுனாமியைக் கணினியில் மீள ஓட்டுவது பாவனையாக்கம். அதை ஓட்டும் சமன்பாட்டுத் தொகுதி மாதிரியுரு. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவான 'டுனாமி' அத்தகையது. கடலடி ஆழம், கரையின் உயரம், நிலப்பிளவின் நழுவல் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் நீர் ஏறும் எல்லை மாறும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துடனும் உள்ளீட்டுக் கோப்பு, பதிப்பு எண், திகதி மூன்றையும் சேர்த்துப் பேண வேண்டும். 'புதியது', 'கடைசி', 'கடைசி2' என்று பெயரிட்ட கோப்புகளிலிருந்து வரைந்த அபாய வரைபடத்தைப் பிறகு எவராலும் சரிபார்க்க முடியாது.