22ஆம் எண் வாசல்

1995ஆம் ஆண்டு. பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஓர் ஒட்டுக்கேட்கும் நிரலை ஒளித்து வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான கடவுச்சொற்கள் சேர்ந்திருந்தன. எப்படி என்று கேட்கிறீர்களா? தொலைவிலுள்ள கணினிக்குக் கட்டளையிட அன்று பலரும் பயன்படுத்திய டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். அஞ்சலட்டையில் வங்கி இரகசிய எண்ணை எழுதிப் போடுவது மாதிரிதான்!

அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் இதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்பதை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அதற்கு ஒரு வாசல் எண் வேண்டுமே? கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. மின்னஞ்சலில் கேட்டுப் பார்த்தார், மறுநாளே கிடைச்சிருச்சு. 1999இல் ஓபன்எஸ்எஸ்எச் வந்தது. இன்று பெரும்பாலான சர்வர்களில் இருப்பது அதுதான்.

தேர்வில் பலர், “எஸ்எஸ்எச் தகவலை மறையாக்கம் செய்யும்” என்று எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். அது பாதி விடைதான். மறுமுனையில் இருப்பது நம்முடைய சர்வர்தானா என்று சரிபார்ப்பது மறுபாதி. ஒவ்வொரு சர்வருக்கும் தனிச்சாவி உண்டு. முதன்முறை இணையும்போது அச்சாவியின் ‘விரல்ரேகை’ திரையில் தோன்றி, “தொடரலாமா?” என்று கேட்கும். நாம் படிக்காமலே ‘யெஸ்’ போட்டுவிடுவோம். (நானும்தான்.)

நாம் எழுதிய நிரல் தானாக இணையும்போது அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? பைத்தானில் இதற்குப் பயன்படும் பாராமிக்கோ, முன்பின் தெரியாத சாவி என்றால் இணைய மறுத்துவிடும். இயல்பு அமைப்பே அதுதான். ஆனால் மாணவர்களின் திட்டப்பணிகளில் ‘ஆட்டோஆட்பாலிசி’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். எந்தப் புதிய சாவி வந்தாலும் ஏற்றுக்கொள் என்பது அதன் பொருள். முதல் இணைப்பிலேயே இடையில் ஒருவன் போலிச் சர்வராக நின்றால்? கடவுச்சொல் பத்திரமாக மறையாக்கம் ஆகி, நேராக அவன் கைக்கே போய்ச் சேரும். டெல்நெட் காலத்துத் திருடனாவது ஒளிந்திருந்து கேட்க வேண்டியிருந்தது!

அந்த வரியை எடுத்துவிடுங்கள். சர்வரைக் கவனிப்பவரிடம் விரல்ரேகையை நேரில் கேட்டு ஒப்பிட்டு, சாவியை ‘நோன்ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் முன்கூட்டியே சேருங்கள். நிரல் அந்தக் கோப்பைப் படிக்கிறதா என்றும் பாருங்கள். பாராமிக்கோ சொன்னால்தான் படிக்கும்.