கோலிக்குண்டும் சல்லிக்கல்லும்



நேற்று பேரன் வாளித் தண்ணீரில் கோலிக்குண்டு போட்டு விளையாடினான். என்னுடைய பழைய தப்பு ஒன்று நினைவுக்கு வந்தது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தாக வேண்டும். தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், கோலிக்குண்டைத் தொட்டியில மெதுவா விட்டா சத்தமில்லாம இறங்குது. சல்லிக்கல்லு மட்டும் ‘டுபுக்’குங்குதே, ஏன்?” என்றான். “பாடத்துல இல்லாததைக் கேக்காதே, உக்காரு” என்றேன்.

ஓய்வுபெற்ற பிறகு படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் பெருமை தெரிந்தது.

இங்கிலாந்தில் ரக்பி பள்ளி மாணவன் ஒருவன், புகை படிந்த கண்ணாடியில் மைத்துளி விழுந்த தடத்தைக் கவனித்துச் சொன்னான். அதிலிருந்து தொடங்கி ஆராய்ந்தவர் ஆர்தர் வொர்திங்டன். அவரும் வாத்தியார்தான்! 1876-ல் முதல் கட்டுரை. பிறகு மின்பொறி வெளிச்சத்தில் படமெடுத்து, 1908-ல் நூலாகவே வெளியிட்டார். வழவழப்பான உலர்ந்த குண்டைத் தண்ணீர் ஒட்டியபடியே மூடிக்கொள்கிறது. சொரசொரப்பான குண்டை விட்டு விலகுகிறது. அதன் பின்னாலேயே காற்றும் உள்ளே இறங்குகிறது.

திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. ராமனும் இதை விடவில்லை. 1920-ல் அவரும் ஆசுதோஷ் டேயும் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைப் பற்றியே லண்டன் அறிவியல் இதழில் கட்டுரை எழுதினார்கள். டே, கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் ராமனின் உதவியாளர். பல்கலைக்கழகப் படி ஏறாதவர். ராமனுக்கு நோபல் பரிசு கிடைக்க அப்போது இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன.

1933-ல் மின்னார்ட் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: தண்ணீருக்குள் சிக்கிய காற்றுக்குமிழி அதிர்வதுதான் அந்த ஓசை. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,000 முறை அதிரும். குமிழி சிறுத்தால் ஓசை கீச்சென்று உயரும். கல்லோடு காற்று போகாவிட்டால் குமிழியும் இல்லை, ‘டுபுக்’கும் இல்லை.

அந்த ரக்பி பையன் சொன்னதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார். நம் நெய்வேலிப் பையனை நான் உட்கார வைத்துவிட்டேன்.

தம்பி, எந்த ஊரில் இருக்கிறாயோ! இத்தனை வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன், டீச்சரை மன்னித்துவிடு. மற்றவர்களே, உங்கள் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு கல்லும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்