தீப்புண்ணும் அடங்காக் கிருமியும்

சுடுசொல்லின் வடுவினும் தீப்புண் எளிதில் ஆறும் என்பது வள்ளுவர் கருத்து. ஆயினும் வெந்த தோலில் கிருமி குடிபுகுந்தால் அப்புண்ணும் எளிதில் ஆறாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனை வரலாறு இதற்குச் சான்று.

அங்கிருந்த தீப்புண் பிரிவில் சூடோமோனாஸ் என்னும் கிருமி நோயாளரை வாட்டி வந்தது. அதனை அடக்க வந்த கார்பெனிசிலின் என்ற புதுமருந்துக்கும் 1969இல் அது அடங்க மறுத்தது. காரணம் யாது? குடலில் வாழும் வேறினக் கிருமிகள் தம் எதிர்ப்பாற்றலைப் பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையத்தின் வாயிலாக அதற்கு வழங்கியிருந்தன.

மருத்துவ அறிஞர் எட்வர்டு லோபரியும் குழுவினரும் அம்மருந்தை நிறுத்தினர். எதிர்ப்புக் கிருமிகள் மருத்துவமனையை விட்டு அகன்றமையை 1972இல் அறிவித்தனர்.

கண்டபடி வழங்கும் மருந்து அடங்காக் கிருமியையே வளர்க்கும். தேவையறிந்து வழங்குவதே மருந்தைக் காக்கும் வழி. இதனை மாணாக்கர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.