ஜூஜூவாடி வரைக்கும் ஒரு பெல்ட்

அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தபின் ஓசூர் வண்டி கட்டும் ஊரானது. ஆனால் சீட் பெல்ட் இங்கே பழக்கமாக வரவில்லை, சட்டமாகத்தான் வந்தது. வால்வோவின் நில்ஸ் போலின் 1959இல் வடிவமைத்த மும்முனைப் பட்டை, இந்தியக் கார்களின் முன்னிருக்கைக்குக் கட்டாயமாக 1994 ஆயிற்று. பின்னிருக்கைக் கொக்கியோ உறைக்கடியில் புதைந்தே கிடந்தது. 2022இல் மும்பைக்கு வடக்கே பால்கர் அருகே நடந்த கார் விபத்தில், பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த பிறகுதான் பலர் அதைத் துழாவினார்கள். ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். இமைப்பதற்குள் வெடித்து விரியும் பை அது. பெல்ட் இல்லாத உடம்பு முன்னே பாய்ந்தால் விரிகிற வேகத்தோடேயே மோதும். தீப்பிடித்தால் பெல்ட் சிக்கவைக்குமே என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு: நினைவு தப்பாதவரால்தான் கதவைத் திறக்க முடியும், மண்டை அடிபடாமல் காப்பது அந்தப் பட்டை. 2019 திருத்தச் சட்டம் அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. கிருஷ்ணகிரி சாலையில் காக்கிச் சட்டையைக் கண்டதும் சிலர் பூட்டாமலே பெல்ட்டை மார்பில் இழுத்துப் பிடிக்கிறார்கள். கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டியதும் விரல் தளர்கிறது.