பிரம்பும் பெற்றோரும்

தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை அடிக்கும் வழக்கம் பெற்றோரின் சம்மதத்தோடுதான் வேரூன்றியது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைக்கு மாதம் 4 அணா முதல் 8 அணா வரை வாங்கிய அவருக்கு, எல்லாம் சேர்ந்து 6, 7 ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்று சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் எழுதினார். இதற்கு மேல் வீட்டுக்காரர்கள் கொடுக்கும் நெல்லும் காய்கறியும், நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகக் கோலாட்டம் அடித்துக் கொண்டுவரும் காசும் உண்டு. ஊரார் முகம் சுளித்தால் வாத்தியாரின் பிழைப்பு போய்விடும். அப்படிப்பட்டவர் கையில் பிரம்பு ஓயாமல் இருந்தது என்றால், அதை எடுத்துக் கொடுத்தவர்கள் பெற்றோர்தான். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க” என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பது தலைமுறை தலைமுறையாக நடந்தது.

அந்தப் பள்ளிகளின் ஒரு நாள் எப்படித் தொடங்கியது என்பதை, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கை காட்டுகிறது. விடியலில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை, குறையும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். தாய்க்கு உதவிவிட்டுத் தாமதமாக வந்த பிள்ளையும் தூங்கிவிட்டு வந்த பிள்ளையும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். படிக்காதவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. தமிழ்ப் பகுதிகளில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். ஓயாமல் மண்டியிட்டு எழும் தண்டனை வலி தந்தாலும் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்று கேம்ப்பெல் எழுதினார். கலெக்டரையும் அது உறுத்தவில்லை.

மன்றோ எடுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அத்தனை பிள்ளைகளும் அடியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1789இல் தொடங்கிய ஆண் அநாதைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி, மாணவர்களே கூடி விசாரிக்கும் ஏற்பாட்டையும் செய்து அவர் அடியைக் குறைத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி அவர் நூல் வெளியிட்டபின் அந்த முறை இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைகளில் பிரம்பு அப்படியே இருந்தது.

சட்டமும் அதற்குத் துணை நின்றது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யும் செயலைக் குற்றமாகக் கருதவில்லை. பள்ளியில் சேர்த்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆசிரியர்களை விடுவித்த தீர்ப்புகளும் உண்டு. பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாததையும் சொன்னதாகக் கொண்ட வாதம் அது.

அந்தச் சம்மதத்தைப் பெற்றோரே திரும்பப் பெற்றது டெல்லியில். பள்ளித் தண்டனையை அனுமதித்த 1973ஆம் ஆண்டு விதியை எதிர்த்துப் பெற்றோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, பிள்ளைகளின் உடலையும் மனத்தையும் நோகடிக்கும் தண்டனைகளைத் தடை செய்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இந்தத் தடையை, அப்போது ஜம்மு காஷ்மீர் நீங்கலாக, நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் மனரீதியான துன்புறுத்தலாகவே பின்னர் வந்த வழிகாட்டுதல்கள் கருதின.

தடை மட்டும் போதாது என்பதை அது வரும் தறுவாயில் எடுத்த ஒரு கணக்கு காட்டுகிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10இல் 7 மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் கேட்டபோது, 9 பேரைத் தவிர எல்லோரும் ஏதோ ஒரு தண்டனை பெற்றதாகவே சொன்னார்கள். புகார் கொடுத்தால் அதே வகுப்பில் பிள்ளைதான் அவதிப்படும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. ஊருக்கு ஒரே பள்ளி என்றால் அந்தப் பயம் இன்னும் கூடும். அது நியாயமான பயம். ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தனியாகப் போய்த் தலைமையாசிரியர் முன் நிற்கத் தயங்கும் ஒரு தாய் அங்கே உறுப்பினராக உட்கார்ந்து கேள்வி கேட்க முடியும். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும், உடல் தண்டனையை ஒழிப்பதற்கான ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி அரசுக்கு உத்தரவிட்டது.