என்பியல் சத்திரசிகிச்சைக்கு முந்திய இரத்தச்சோகைப் பராமரிப்பு: வன்னி

எலும்பு முறிவைப் பொருத்துதல், மூட்டு மாற்றுதல், துண்டிக்கப்பட்ட அவயவத்தைச் சீர்செய்தல் போன்ற சத்திரசிகிச்சைகளுக்கு முன்னரே நோயாளியின் இரத்தச்சோகையைக் கண்டறிந்து, அதன் காரணத்துக்கு மருந்து கொடுத்து, ஈமோகுளோபின் அளவை உயர்த்தும் மருத்துவ நடைமுறை இது. ஒரு டெசிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடை எலும்பின் தண்டு முறிந்தாலே ஒரு லீற்றருக்கு மேற்பட்ட குருதி தசைக்குள் கசிந்துவிடக்கூடும். ஏற்கெனவே சோகையுள்ள உடலால் அந்த இழப்பைத் தாங்க முடியாது. இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இந்நடைமுறையின் வரலாற்றை மலேரியாவும் உள்நாட்டுப் போரும் சிறுநீரக நோயும் வடிவமைத்துள்ளன.

காய்ச்சலும் சோகையும்

குளங்களும் காடும் சூழ்ந்த வன்னியில் நெடுங்காலம் சோகையின் முதற்காரணம் மலேரியா. ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களை உடைக்க, மண்ணீரல் வீங்கும். அதைத் தமிழ் மருத்துவ வழக்கு ‘காய்ச்சல்கட்டி’ என்றது. 1934–35 கொள்ளைநோயில் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1940களில் தொடங்கிய டி.டி.ரீ. பூச்சிகொல்லித் தெளிப்பால் 1963இல் நாட்டில் 17 நோயாளர்களே பதிவாகினர். அதே பதின்ம ஆண்டின் இறுதியில் நோய் மீண்டது. 1990களில் போர் நடந்த வடக்கு, கிழக்கில் மேலும் பெருகியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியாவற்ற நாடாகச் சான்று பெற்றது. கொழுக்கிப்புழுவும் இரும்புச்சத்து குறைந்த உணவும் சோகையின் மற்றக் காரணங்கள்.

குருதி ஏற்றும் காலம்

1901இல் கார்ல் லாண்ட்ஸ்ரைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்த பின்னரே குருதி ஏற்றுவது பாதுகாப்பான சிகிச்சையாயிற்று. ஈமோகுளோபின் 10 கிராமுக்குக் குறைந்தால் சத்திரசிகிச்சைக்கு முன் குருதி ஏற்ற வேண்டும் என்று 1942இல் அமெரிக்க மருத்துவர்கள் அடம்ஸும் லண்டியும் எழுதினர். அவ்வளவுகோல் உலகெங்கும் பல பதின்ம ஆண்டுகள் நிலைத்தது. சோகையின் காரணத்தைத் தேடாமலே, குறையைக் குருதியால் நிரப்பும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது.

போர்க்காலம்

ஏற்றுவதற்கான செங்குருதிக் கலங்களை 2 முதல் 6 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தடையற்ற மின்சாரம், பரிசோதனைப் பொருள்கள், கொடையாளர், திறந்த பாதை ஆகிய நான்கும் வேண்டும். 2006 ஓகஸ்டில், வன்னியை வெளியிடங்களோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பின் வன்னியில் இவை யாவும் அரிதாகின. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளாகவே, நோயாளர்கள் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏற்றக் குருதி இல்லாத நிலையில், காயத்திலிருந்து வழிந்த குருதியைப் பிடித்துத் துணியால் வடிகட்டி அதே நோயாளிக்கு மருத்துவர்கள் திரும்ப ஏற்றியதாகப் பதிவுகள் உள்ளன. அங்கிருந்து காயமடைந்தோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக வெளியேற்றியது. உயிர் தப்பிப் பின்னர் வவுனியாவிலும் செட்டிகுளத்திலும் சிகிச்சை பெற்றோர் பலருக்குக் காயத்தோடு பசியும் தொற்றும் சேர்ந்திருந்தன. நாட்பட்ட தொற்றும் சோகையை உண்டாக்கும்; அந்தச் சோகை இரும்புக் குளிசையால் மட்டும் தீராது.

இன்றைய முறை

நோயாளியின் சொந்தக் குருதியைப் பேணுவதை முதன்மையாகக் கொள்ளுமாறு உலக சுகாதாரப் பேரவை 2010இல் தீர்மானித்தது. இடுப்பெலும்பு முறிந்த 2,016 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, 8 கிராமை எல்லையாக வைத்துக் குருதி ஏற்றியவர்கள் 10 கிராம் எல்லையில் ஏற்றியவர்களைவிடக் கெடுதலான விளைவைச் சந்திக்கவில்லை என்று காட்டியது. ஜப்பானில் ஒகமொட்டோ தம்பதியர் 1962இல் அறிமுகப்படுத்திய ரனெக்சாமிக் அமிலம், சத்திரசிகிச்சையின்போது கசிவைக் குறைக்கிறது.

திகதி குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சை என்றால் ஈமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றினையும் சில வாரங்கள் முன்பே சோதிக்கலாம். இரும்புக் குறைபாடு தெரிந்தால் குளிசை தொடங்கப்படும். கிளினிக்கில் சொல்லும் புத்திமதி எளிது: குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; அதோடு தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது; மலம் கறுப்பாகப் போனால் பயந்து குளிசையை நிறுத்தக் கூடாது. மூன்று, நான்கு வாரங்களில் ஈமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் உயரலாம். குளிசை ஒத்துவராதவர்களுக்கும் நாள் போதாதவர்களுக்கும் நாளம் வழியாக இரும்பு ஏற்றப்படும். இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கோ இத்தனை நாள் காத்திருக்க முடியாது. ஓரிரு நாளில் சத்திரசிகிச்சை செய்தாக வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டால் குருதி ஏற்றி, பின்னர் சோகையின் காரணத்துக்கு மருந்து கொடுப்பதே முறை.

வன்னிக்குரிய கவனம்

காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் முல்லைத்தீவும் அடங்கும். பழுதான சிறுநீரகம், செங்குருதிக் கலங்களின் உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயற்றினைப் போதிய அளவு சுரப்பதில்லை. ஆகவே இங்கு சோகையுள்ளவருக்குக் குளிசை எழுதுவதற்கு முன், சிறுநீரகச் செயற்பாட்டை அறியும் கிரியற்றினின் சோதனையும் செய்வது பொருந்தும். முருங்கைக்கீரை, மீன், பயறு வகைகள் உடலின் இரும்பைப் பேண உதவும். ஆனால் சத்திரசிகிச்சைக்கு முந்திய சில வாரங்களுக்குள் கடும் குறைபாட்டை உணவால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. நகரத்து வைத்தியசாலைக்கு வர ஒரு நாட்கூலியை இழக்கும் விவசாயிக்கும் மீனவருக்கும், வந்த நாளிலேயே சோகை தெரிவதால் சத்திரசிகிச்சை பிற்போடப்படுவது பெரும் சுமை. சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும் அன்றே குருதிப் பரிசோதனையையும் செய்வது அச்சுமையைக் குறைக்கும். அரிய கொடைக் குருதியையும் உண்மையில் தேவைப்படுபவருக்காக மிச்சம் வைக்கும்.