இராட்டிரகூடர்

இராட்டிரகூடர் என்போர் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 973 வரை தக்காணத்தை ஆண்ட அரச மரபினர். சாமந்தர் எனப்பட்ட கீழ்நிலைச் சிற்றரசர்கள் தம் மேலரசரையே வீழ்த்திப் புதிய அரசுகளை நிறுவிய முற்கால இடைக்கால இந்தியப் போக்கிற்கு இம்மரபைவிடத் தெளிவான சான்று அரிது.

வாதாபிச் சாளுக்கியரின் சாமந்தராக இருந்த தந்திதுர்க்கர், 753 அளவில் இரண்டாம் கீர்த்திவர்மனை வென்று தன்னாட்சி பெற்றார். அவர் உச்சயினியில் இரணியகருப்பம் நடத்தியதாக 871ஆம் ஆண்டின் சஞ்சான் செப்பேடு கூறுகிறது. பொற்கலத்தினுள் புகுந்து வெளிப்படுபவர் சத்திரியராக மறுபிறப்பு எய்துவதாகக் கருதப்பட்ட இச்சடங்கு, படைவலிமையால் பெற்ற ஆட்சிக்கு வைதிக ஏற்பைத் தேடித் தந்ததால் தனிக் கவனத்திற்குரியது. அவருக்குப்பின் வந்த சிற்றப்பன் முதலாம் கிருஷ்ணர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த எல்லோராக் கைலாசநாதர் கோயில் உருப்பெற்றது.

கன்னோசி நகருக்காகப் பாலரும் பிரதிகாரரும் இராட்டிரகூடரும் நடத்திய மும்முனைப் போட்டியில் இராட்டிரகூட மன்னர்களான துருவரும் மூன்றாம் கோவிந்தரும் கங்கைச் சமவெளி வரை படை செலுத்தினர். எனினும் அங்கு நிலையான ஆட்சி அமையவில்லை. மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்ட முதலாம் அமோகவர்சரின் அவையில், இன்று கிடைக்கும் கன்னட நூல்களுள் மிகப் பழமையான ‘கவிராசமார்க்கம்’ இயற்றப்பட்டது.

மூன்றாம் கிருஷ்ணர் 949இல் தக்கோலத்தில் சோழரை வென்றார். சோழ இளவரசர் இராசாதித்தர் அப்போரில் மாண்டார். 972இல் பரமார மன்னர் சீயகர் மானியகேடத்தைச் சூறையாட, மறு ஆண்டே இராட்டிரகூடரின் சாமந்தராயிருந்த இரண்டாம் தைலபர் இம்மரபை அகற்றிக் கல்யாணிச் சாளுக்கிய அரசை நிறுவினார்.